நடுவில் இருந்த மூடி

அந்த ட்ராக்டரை முதன்முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். வலது பாதி பளபளக்கும் நீலம். இடது பாதியும் ஒரு காலத்தில் நீலம்தான். வெயிலில் வெளுத்து, துருவோடு கலந்து, இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. மூக்கிலிருந்து பின்பக்கக் கொக்கி வரை, நூல் பிடித்து இழுத்ததுபோல இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. இருக்கைத் தகட்டில்கூடப் பாதிதான் பெயிண்ட். ஸ்டியரிங் வளையத்திலும் அப்படியே. திருப்பத்தில் வளையத்தைச் சுற்றும்போது வலதுபக்கத்து நீலம் இடதுபக்கத்துக்குள் அத்துமீறிப் போய்த் திரும்பி வரும்.

காரணத்தைக் கேட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். அதை ஓட்டுகிற பெண் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இடது பாதி அவளுடையது. வலது பாதி அவள் அண்ணனுடையது.

எல்லோரும் அவளை ட்ராக்டர்க்காரி என்றுதான் சொல்வார்கள். இனிமையான மனுஷி அல்ல. வரப்பை ஒட்டி உழச் சொன்னால், "வரப்பு வளைஞ்சிருக்கு, நேரா போட்டுட்டு கூப்பிடு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அப்பா இடுப்பு உடைந்து படுத்த வருஷம் ஓட்ட ஆரம்பித்தவள். படுத்த இடத்திலிருந்தே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அவர் குறை சொல்வார். "கியரைக் கடிக்கிறா பாரு" என்பது அவர் வழக்கமாகச் சொன்னது. கடிக்காமல் போட்ட நாட்களில் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் பேசாமல் இருந்த நாட்களைத்தான் அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் அந்த வருஷங்களில் நகரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருந்தான். அப்பா போன பிறகு மனைவியோடு திரும்பி வந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே தனி வீடு கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, சுவரில் கடையில் மிஞ்சிய டைல்ஸ்களை ஒட்டி முடித்த பிறகு, ட்ராக்டரில் பாதி தனக்கு என்றான்.

"அதை ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா அவருக்கு?" என்று அவள் கேட்டாள், அண்ணனைப் பார்த்து அல்ல, பெரியப்பாவைப் பார்த்து. அன்றிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை.

பெரியப்பா எடைமேடை வைத்திருந்தவர். ஏற்றிய லாரியிலிருந்து காலி லாரியைக் கழித்தால் சரக்கின் எடை வந்துவிடுவதுபோல, எந்த வழக்கிலும் ஏதோ ஒன்றைக் கழித்தால் நியாயம் வந்துவிடும் என்று நம்புபவர். அவர் வைத்த ஏற்பாடு இது: ஒரு வாரம் இவள் ஓட்டலாம், மறு வாரம் அவன் ஆள் வைத்து ஓட்டலாம். இடதுபக்கம் இருப்பதெல்லாம் இவள் பராமரிப்பு, வலதுபக்கம் அவன் பராமரிப்பு.

"நடுவுல இருக்கறதை யாரும் தனியாத் தொடாதீங்க. சேர்ந்து பாருங்க. தனியாத் தொட்டா, தொட்டவங்க பொறுப்பு" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். மழை பெய்து முதல் உழவுக்கு வண்டி இறங்கும் நாளில் யார் பக்கம் பழுதாக நிற்கிறதோ, அவர்கள் தங்கள் பாதியை மற்றவருக்கு விட்டுவிட வேண்டும். அந்தப் பயத்திலாவது இருவரும் வண்டியைக் கவனிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

நிற்கிற ட்ராக்டரை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஓடுகிற ட்ராக்டரில் எந்த இடத்தில் வெட்டுவது என்று அவர் யோசிக்கவில்லை. அவர் மட்டுமல்ல, அந்த ஏற்பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய ஒருவரும் யோசிக்கவில்லை.

போன கோடையில் அண்ணன் தன் பாதிக்குப் பெயிண்ட் அடித்தான். அவனே உட்கார்ந்து அடித்தான். கோட்டின் மேல் காகிதப் பட்டை ஒட்டி, வேலையைச் சுத்தமாகச் செய்தான். அதை மறுக்க முடியாது. சிக்கல் ஒரே இடத்தில்தான் வந்தது. இருக்கைக்குக் கீழே, கியர்கள் இருக்கும் பின்பக்கப் பெட்டியின் மேல், சரியாக நடுக்கோட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு இரும்பு மூடி இருந்தது. அதைப் பாதியாகப் பிரித்துப் பட்டை ஒட்ட முடியவில்லை. அவன் மூடி முழுக்க நீலத்தைப் பூசினான்.

அவள் பார்த்துவிட்டாள். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியிடம் சொன்னாள்: "அண்ணி, அதுல பாதி என்னோடது. சொல்லி வைங்க."

"மூடி என்னோடதுன்னு சொல்லு" என்றான் அண்ணன், தலையைத் திருப்பாமல். "யார்கிட்ட வேணாலும் போய்ச் சொல்லிக்கட்டும்."

சொன்னதோடு நிற்காமல், காய்ந்த பிறகு அதன் மேல் இன்னொரு கோட்டிங்கும் கொடுத்தான். அவள் பெரியப்பாவிடம் போய் முறையிட்டாள். ஒரு மூடிக்காக எடைமேடையை விட்டு வரமுடியாது என்று அவர் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பித்தது.

பின்பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அச்சுத்தண்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் தண்டு வழியாக வெளியே வந்துவிடாமல், தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் கவ்விக்கொண்டு நிற்கும். அதுதான் ஆயில் சீல். அது விட்டுப்போனால் எண்ணெய் பிரேக்குக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த பிரேக் பிடிக்காது.

மெக்கானிக் வந்தார். சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தவர். சக்கரத்தைக் கழற்றி, பழைய சீலை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். "இனிமே ஒரு சொட்டு ஒழுகினா என் பேரை மாத்திக்கறேன்" என்றார். அவள் வாரம் முடிவதற்குள் ஒழுகியது. திரும்ப வந்து திரும்ப மாட்டினார். திரும்ப ஒழுகியது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர்மாத்தி என்று பெயராகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால், "அண்ணாச்சி, இந்த வாரம் என்ன பேரு?" என்று கேட்பார்கள். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார். தன் வேலையில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். வேறு எங்கே தப்பு என்று தேடத்தான் தெரியவில்லை. கோபப்படுகிறவர்கள் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தேடுவார்கள்.

அந்த ட்ராக்டரில் பிரேக் மிதி இரண்டு. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சாலையில் போகும்போது இரண்டையும் ஒரு தாழால் இணைத்து ஒன்றாக மிதிக்க வேண்டும். ஒருநாள் செங்கல் ஏற்றிய டிரெய்லரோடு அவள் அண்ணன் வீட்டுச் சரிவில் இறங்கினாள். மிதித்தாள். வலது பிடித்தது, இடது வழுக்கியது. வண்டி வலதுபக்கமாக வெட்டி, சுற்றுச்சுவரின் மூலையில் மோதி நின்றது. டைல்ஸ்கள் சரிந்து விழுந்தன.

அண்ணன் வெளியே ஓடி வந்தான். அவளுக்கு அடிபட்டதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

"பாத்தீங்களா?" என்று கூடியவர்களிடம் சொன்னான். "என் பக்கத்து பிரேக் ஒழுங்கா இருக்கு. அதான் என் பக்கம் வந்துச்சு. அவ பக்கம் செத்துப் போச்சு."

"சுவத்தை ரோட்டுல கட்டினா வண்டி வேற எங்க போகும்?" என்று அவளும் கூடியவர்களிடம்தான் சொன்னாள்.

கூடியவர்களுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்திருக்கும்.

பெரியப்பா இந்த முறை எடைமேடையை விட்டு வந்தார். சுவரைப் பார்த்தார், சக்கரத்துக்கு உள்ளே வழிந்த எண்ணெயைப் பார்த்தார். "வானம் மூடிக்கிட்டு வருது. முதல் மழைக்கு அப்புறமும் இது ஒழுகினா, உன் பாதி அவனுக்கு. பேச்சே கிடையாது" என்றார்.

வீட்டில் அவள் கணவர், தையல்காரர், மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். "விட்டுத் தொலையேன். பாதி வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"முழுச் சட்டையில பாதியை யாராவது கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

"சட்டையா இருந்தா வெட்டிக் குடுத்துடுவேன். சண்டை இருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அவர் சொன்னது கோழைத்தனமா, தெளிவா என்று முடிவு செய்வது கடினம். அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று அவரோடும் பேசவில்லை.

பாதி போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வண்டி வாங்க வழியில்லை. அண்ணன் வைக்கும் ஓட்டுநருக்குக் கீழே டிரெய்லரில் செங்கல் அடுக்கலாம். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கொட்டகையில் அவளே ஜாக்கியைத் தூக்கினாள். முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தாள். பெயர்மாத்தி உதவிக்கு வந்திருந்தார். கூப்பிட்டதற்காக அல்ல, தன் பெயரை மீட்டுக்கொள்ள. "உங்க கை இந்தத் தடவை வேண்டாம். ஸ்பேனர் எடுத்துக் குடுங்க, போதும்" என்றாள். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

சக்கரம் இறங்கியது. பிரேக்கை மூடியிருந்த டிரம் வந்தது, உள்ளே பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தன. அச்சுத்தண்டை வெளியே இழுத்துத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் வருடினாள். நகம் மெல்லத் தட்டியது. பழைய சீல்கள் காலங்காலமாக உரசி ஒரு மெல்லிய கோடு அறுத்திருந்தன.

"இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். இது ஒண்ணுமில்லை. இதுக்கெல்லாம் ஒழுகாது" என்றார் பெயர்மாத்தி.

"ஒழுகுதே."

புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சுருள்கம்பி இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்க்கும்படி வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் ஒரே சீராகத் தட்டினாள். முழுக்க அடி வரைக்கும் இறக்காமல் கொஞ்சம் வெளியேயே நிறுத்தினாள். உதடு அந்தக் கோட்டில் விழாமல் தேயாத இடத்தில் கவ்வட்டும் என்று. அது சரியான வேலை என்று பெயர்மாத்திக்குத் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கையில் காபி டம்ளர்.

"பெயர்மாத்தி, ஆள் மாறிட்டாப்பல தெரியுது. அப்ப இனிமே யாரு பேரை மாத்தறது?"

"வெளிச்சத்தை மறைக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

"என் பக்கத்துலதானே நிக்கறேன். வலதுபக்கம் என்னோடதுன்னு சொல்லு."

புதிய பிரேக் கட்டைகளைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, பெட்டிக்கு அளவாக எண்ணெய் ஊற்றி, டிரெய்லரில் கல்லேற்றி மேட்டு வழியாக ஒரு சுற்றுப் போய் வந்தாள். வண்டி சூடேறி வந்து நின்றது. அண்ணன் குனிந்து பார்த்தான். அவளும் குனிந்தாள். டிரம்மின் அடியில் முதலில் ஒரு பளபளப்பு தெரிந்தது. பிறகு அது திரண்டு, தொங்கி, மண்ணில் விழுந்தது.

அண்ணன் காபி டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு, "பெரியப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பினான். அப்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பெயர்மாத்திக்கே கஷ்டமாக இருந்தது.

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். யாரை என்று தெரியவில்லை, அப்பாவையாகவும் இருக்கலாம். பிறகு, எண்ணெய் அதிகமாக ஊற்றிவிட்டோமா என்ற சந்தேகத்தில், அந்தச் சூட்டிலேயே, ஊற்றும் துளையின் திருகை ஸ்பேனர் போட்டுத் திருகினாள்.

"உஸ்ஸ்" என்று காற்று சீறிக்கொண்டு வந்தது. எண்ணெய்த் துளிகள் அவள் முகத்தில் தெறித்தன. திருகு கையிலிருந்து எகிறி விழுந்தது.

பெட்டி மூச்சு விட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டிரம்மின் அடியில் அடுத்த சொட்டு பாதி திரண்டு, விழாமல் அப்படியே நின்றது.

"இவ்வளவு காத்து உள்ள எப்படி?" என்றாள்.

பெயர்மாத்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் எப்பவும் வண்டி ஆறின பிறகுதான் திறந்தேன். ஆறினா காத்து இருக்காது." பிறகு, சொல்லவே பிடிக்காதவர்போல, மெதுவாகச் சொன்னார்: "சூடானா உள்ள காத்து விரியும். அது வெளியே போறதுக்கு மேல ஒரு மூடி இருக்கும். அடியில சின்ன ஓட்டை. அது அடைஞ்சா, காத்து எங்க பலவீனமா இருக்கோ அங்க எண்ணெயைத் தள்ளும்."

"மூடி எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் இருக்கையை நிமிர்த்திவிட்டாள். நடுக்கோட்டில், கட்டைவிரல் அளவில், நீலமாக, அழகாக, இரண்டு கோட்டிங்கில், அது உட்கார்ந்திருந்தது. விளிம்புக்கு அடியில் இருந்த ஓட்டைகள் பெயிண்டால் மெழுகினதுபோல மூடியிருந்தன.

பெயர்மாத்தி கம்பியை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"தொடாதீங்க. தொட்டா தொட்டவங்க பொறுப்பு."

பெரியப்பா வந்தபோது அவள் முகத்தில் தெறித்த எண்ணெயைக்கூடத் துடைத்திருக்கவில்லை. அண்ணன் நேராகச் சக்கரத்துக்குப் போய்க் கீழே இருந்த ஈரத்தைக் காட்டினான். "பாருங்க பெரியப்பா. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பாருங்க."

அவள் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள். பல வருஷங்களுக்குப் பிறகு அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, இந்த மூடி யாரோடது?"

அந்த 'அண்ணே'யில் பாசம் எள்ளளவும் இல்லை. ஆணியின் தலையில் சுத்தியல் வைத்து அளவு பார்ப்பதுபோலத்தான் அது இருந்தது. அவனும் திகைத்துவிட்டான். நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

"என்ன மூடி?"

"நீ பெயிண்ட் அடிச்ச மூடி. உன்னோடதா, என்னோடதா?"

"என்னோடதுதான். அன்னிக்கே சொல்லிட்டேனே. அதுக்கு என்ன இப்ப?"

"பெரியப்பா, கேட்டுக்குங்க" என்றாள். "அண்ணாச்சி, இப்ப சொல்லுங்க."

பெயர்மாத்தி விளக்கினார். சுற்றி வளைத்து, தன் மேல் தப்பில்லை என்பதை நடுநடுவே சேர்த்துத்தான் விளக்கினார். ஆனால் விஷயம் புரியும்படி சொன்னார். ஓட்டை அடைந்ததால் காற்று நெருக்கியது. காற்று நெருக்கியதால் எண்ணெய் இடதுபக்கம் வெளியே வந்தது. தண்டில் அந்தக் கோடு இருந்ததால் இடதுபக்கம். கோடு வலதுபக்கம் இருந்திருந்தால் வலதுபக்கம்.

அண்ணனின் முகம் மாறியது. "அது நடுவுலதானே இருக்கு. நடுவுல இருக்கறது ரெண்டு பேரோடதும்..."

"இப்பத்தான் உன்னோடதுன்னு சொன்ன."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ரெண்டு கோட்டிங்கும் பேச்சுக்குத்தான் அடிச்சியா?"

பெரியப்பா குனிந்து மூடியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பொருள் பளபளக்கும்போது அதற்கு உரிமையாளர்கள் அதிகம்; பழுது என்றதும் அதே பொருள் அநாதையாகிவிடும். அவர் எடைமேடையில் லாரிக்காரர்களிடம் பார்த்து அலுத்துப்போன விஷயம் இது. இந்த முறையாவது கழிப்பதற்குத் தெளிவாக ஒன்று கிடைத்திருந்தது.

"தனியாத் தொட்டவன் நீ" என்றார். "பழுது உன் பக்கம்."

"அப்ப அவர் பாதி எனக்கு" என்றாள் அவள் உடனே.

"மழை இன்னும் வரலை" என்றார் பெரியப்பா. "வர்ற வரைக்கும் சரி பண்ண அவனுக்கும் நேரம் இருக்கு. உனக்குக் குடுத்த நேரம்தான் அவனுக்கும்."

அவள் பற்களைக் கடித்தாள். பெரியப்பா அன்று சொன்னது அவளுக்கும் பிடிக்கவில்லை, அவனுக்கும் பிடிக்கவில்லை. அவர் வாழ்நாளில் சொன்ன தீர்ப்புகளில் ஒருவேளை இது ஒன்றுதான் சரியானதாக இருக்கலாம்.

"சரி. அவரே பண்ணட்டும்" என்றாள். "மூடியை மட்டும் இல்லை. அவர் மூடியால என் பிரேக் கட்டை நனைஞ்சிருக்கு. அதையும் அவரே கழட்டி மாத்தணும். நான் ஸ்பேனர்கூட எடுத்துக் குடுக்கமாட்டேன்."

அண்ணன் சட்டையைக் கழற்றி வலதுபக்கத்து மட்கார்டின் மேல் போட்டான். மண்ணெண்ணெயும் கம்பியும் வைத்துக்கொண்டு, தான் அவ்வளவு சுத்தமாகப் பூசிய நீலத்தைத் தானே சுரண்டினான். பெயிண்ட் சுருள் சுருளாக வந்தது. கடைசியில் ஓட்டைகள் தெரிந்தன. மூடி வெறும் இரும்பாக நின்றது. பிறகு இடது சக்கரத்துக்குப் போனான். அவனுக்கு அந்த வேலை தெரியாது. போல்ட்டை இறுக்கும் பக்கமாகவே திருகினான். "அந்தப் பக்கம் இல்லை" என்று பெயர்மாத்தி சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அண்ணி வாசல் வரை வந்து, பார்த்துவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வேலை முடியச் சாயங்காலம் ஆனது. கைகள் கறுத்து, ஒரு விரல் நசுங்கி, அவன் எழுந்து நின்றான். அவள் டிரெய்லரோடு மேட்டைச் சுற்றி வந்து வண்டியைச் சூடேற்றினாள். டிரம்மின் அடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. பெரியப்பாவும் தேய்த்துப் பார்த்து, விரலை முகர்ந்துவிட்டு எடைமேடைக்குப் போனார்.

மழை அதற்கு அடுத்த வாரம் வந்தது. அது அவளுடைய வாரம். முதல் உழவுக்குப் போகும் வழியில் அவள் வேண்டுமென்றே அண்ணன் வீட்டுச் சரிவில் இறங்கினாள். வேறு வழி இருந்தது. அண்ணன் இடிந்த மூலையைப் புதிதாகக் கட்டி முடித்து, ஈரச் சிமெண்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். வண்டி வரும் வேகத்தைப் பார்த்துக் கரண்டியோடு எழுந்தான். ஓட இடமிருந்தும் ஓடவில்லை. ஓடினால் அவள் பார்த்துவிடுவாள்.

அவள் இரண்டு மிதிகளையும் இணைத்திருந்த தாழை ஒருமுறை பார்த்துவிட்டு மிதித்தாள். இடதும் வலதும் ஒன்றாகப் பிடித்தன. ட்ராக்டர் இழுக்காமல், வெட்டாமல், நேராக, புதுச்சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சூடான எஞ்சினின் காற்று அவன் முகத்தில் அடித்தது.

சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்த பெயர்மாத்தியைத் திரும்பிப் பார்த்து அவள் சொன்னாள்:

"அண்ணாச்சி, பிரேக் ரெண்டு பக்கமும் பிடிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."